வியாழக்கிழமைப் பிள்ளை

ஞாயிறு இரவு பதினொன்றே கால்.
வியாசர்பாடி வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு.
கட்டம் போட்ட நோட்டில்
நாற்பது நிமிடத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருக்கிறேன்,
வஞ்சிரம் மாதிரி.
தலை எனக்கு. நடுத்துண்டு பிள்ளைகளுக்கு.

போன மாதம் தலையே இருபது நிமிடம்.
வாசிக்கும்போது எப்படி யோசிப்பது என்று
நான் யோசிக்காமல் பேசிக்கொண்டே போக
ஜன்னலுக்கு வெளியே ஐஸ் பேக்டரி மெஷினுக்கு
மூன்றாம் வகுப்பு தாளம் போட்டது.
இப்போது ஏழு நிமிடம்.
தாண்டினால் சபீர் கை தூக்கலாம் என்று ஒப்பந்தம்.
தினமும் தூக்குகிறான், படவா.

புத்தகங்கள் நீல மீன்பெட்டியில்.
மூன்று முறை டெட்டால் விட்டுக் கழுவியும்
மழை நாளில் நெத்திலி வாசம்.
காசிமேட்டில் யார் அதைக் குறை சொல்வது?
அறுபத்து மூன்று புத்தகம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியவள் நானேதான்.
பயிற்சியில் சொன்னார்கள், ஒட்டினேன்.
"நான் செவப்பு மிஸ், அந்த புக்க எடுக்கக் கூடாது"
என்றான் மோகனேஷ்,
திமிங்கிலத்தின் மேல் வைத்த விரலை
எடுக்காமலே.
அன்று சாயந்திரம் தேங்காய் எண்ணெய் தடவி
அறுபத்து மூன்றையும் உரித்தேன்.
நகக்கண்ணில் மூன்று நாள் பசை.

அதற்கப்புறம் வந்ததுதான் இந்த நோட்டு.
அவர்கள் மௌனமாக வாசிக்கும்போது
ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்வது,
என்ன படிக்கிறாய், எங்கே தடுக்குகிறது என்று கேட்பது.
நாளுக்கு எட்டுப் பேர், தலைக்கு மூன்று நிமிடம்,
பதிவேட்டு வரிசைப்படி.
முப்பத்தொரு பிள்ளைகள்
திங்களில் தொடங்கி வியாழனில் முடிவார்கள்.
கணக்கு சரி. வியாழக்கிழமைதான் கைக்கு வருவதில்லை.
ஒரு வியாழன் மழை லீவு,
ஒன்று வட்டார வள மையக் கூட்டம்,
ஒன்று கண் பரிசோதனை முகாம்,
ஒன்றில் எனக்கே காய்ச்சல்.

நோட்டின் கடைசி வரி
ஐந்து வாரமாக வெறும் கட்டம்.
ஷைனி பிரிசில்லா, எண் முப்பத்தொன்று.
நடந்துகொண்டே கிறுக்கிய குறிப்பு ஒன்று மட்டும்:
'மெதுவான வாசிப்பு. பத்தொன்பதாம் பக்கத்திலேயே நிற்கிறாள்.'

வெள்ளிக்கிழமை போய்
பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
முழங்கால் முனகியது.
படகு, இரண்டு அண்ணன்கள், ஒரு பூனை.
பக்கம் பத்தொன்பது.
"புரியாத வார்த்தை இருக்கா?"
"இல்ல மிஸ்."
"அப்ப ஏன் திருப்பல?"
தாளின் ஓரத்தைத் தடவினாள்.
தடவித் தடவி அது பஞ்சாகியிருந்தது.
"அந்தப் பக்கம் காத்து வரும் மிஸ்.
படகு கவுந்துடும்."

முழுக் கதையையும் முன்பே படித்தவள். எட்டுத் தடவை.
கடைசியில் எல்லாரும் கரை சேர்ந்திடுவாங்களே, என்றேன்
தெரியாதவளுக்குச் சொல்வது போல.
"சேர்ந்துடுவாங்க.
பூனையப் பத்தி எழுதல."

வாங்கிப் புரட்டினேன்.
ஆமாம். இருபதாம் பக்கத்துக்குப் பிறகு
படத்திலும் இல்லை, எழுத்திலும் இல்லை.
இரண்டு வருடமாக ஏற்ற இறக்கத்தோடு
இந்தக் கதையை வாசித்துக் காட்டுகிறவள் நான்.
என் நோட்டில் உச்சரிப்புக்குக் கட்டம் உண்டு,
சரளத்துக்கு உண்டு,
நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பதற்கும் உண்டு.

வரிசையைத் தலைகீழாக்கிவிட்டேன்.
திங்கள் இனி ஷைனியில் ஆரம்பம்.
வியாழனில் மாட்டப்போவது அனிக்காவும் ஆண்டோவும்,
அதற்கு என்ன செய்வதென்று
இன்னும் பிடிபடவில்லை.

நாளைய பாடம்: கதை சொல்லாமல் விட்டது.
நடத்துபவர் என்ற இடத்தில்
என் பெயரை எழுதி, அழித்து,
பென்சிலால் அவள் பெயர்.
கேட்டால் ஒத்துக்கொள்வாளா, தெரியாது.
ஒத்துக்கொண்டால் எத்தனை நிமிடம் ஆகும், அதுவும் தெரியாது.
சபீரிடம் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும்:
நாளைக்கு மட்டும்
கையைக் கீழே வச்சுக்கடா.