கிராமுக்கு எத்தனை மணி

ஏலக்காய் எடைபோடும் தராசில்
சாப்பாட்டு நேரத்தில் புத்தகங்களை வைக்கிறேன்.
பச்சை எண்கள் நடுங்கி நிற்கின்றன:
நானூற்றுப் பன்னிரண்டு.
தட்டில் கிடந்த தூசி பின்னட்டையில் ஏறிக்கொள்கிறது.
"இதுக்கு என்ன ரேட் சேச்சி?" என்கிறான் ஷிஜோ.

ஜூலையில் கிர்கிஸ்தான்.
கூடலூரில் அந்தப் பெயர் புதிதல்ல,
மின்வாரியத்துக்காரர் மகள்
அங்கேதான் டாக்டருக்குப் படிக்கிறாள்.
"உங்களுக்கு எத்தனாவது வருஷம்?" என்றார் அவர்.
நாற்பத்தேழாவது, என்றேன்.
நடக்கத்தான் போகிறேன் என்றால்
யாரும் நம்புவதில்லை.
காசு கொடுத்து அவ்வளவு தூரம் போய் நடப்பானேன்,
லோயர் கேம்ப்பிலிருந்து ஏறினால் ஆகாதா?

பதினான்கு நாள். கூடாரம், அடுப்பு,
நனைந்தால் கனக்கும் காலுறைகள் எல்லாம் போக
கூட வரும் தெரஸ்லின் போட்ட கணக்கில்
புத்தகத்துக்கு மிச்சம் இருநூற்றைம்பது கிராம்.
"போனில் ஏற்றிக்கொள்ளேன்" என்றாள்.
குளிரில் பேட்டரி செத்துப்போகும் என்று
எச்சரித்தவளும் அவள்தான்.

எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவளுக்கு
நூலக அட்டை இரண்டு.
அடிவாரத்துக் கிளை நூலகத்தில்
பனிமலை ஏறியவர் கதை ஒன்று கிடைத்தது.
கடைசியாகத் திரும்பி வந்த தேதி 11.3.1994.
ஐந்தாம் பக்கத்தில் ஒருவருக்கு விரல்கள் கறுத்துவிட்டன.
இருபதில் கயிறு அறுந்தது.
அங்கேயே வைத்துவிட்டேன்.
கணவாயில் தூக்கம் வராத இரவில்
இன்னொருவர் விழுவது எதற்கு?

வீட்டில் ஒரு ருஷ்ய மொழிபெயர்ப்பு உண்டு,
கண்காட்சி வேனில் மூன்று ரூபாய்க்கு வாங்கியது.
கோபத்திலும்கூட
ஒருவரை ஒருவர் முழுப்பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள்.
அதில் குதிரைகள் இருக்கின்றன, புல்வெளி இருக்கிறது,
அறுநூற்றெண்பது கிராமும் இருக்கிறது.

கவிதைத் தொகுப்பு ஒன்று: தொண்ணூறு.
ஆனால் கம்பம் பஸ் வருவதற்குள் முடிந்துவிடும்.
எடையில் பெரும்பகுதி
கவிஞர் எழுதாமல் விட்ட வெள்ளைத்தாளுடையது.

நேற்று குமுளி வாசகசாலையில்
சசிதரன் மாஷ் மெல்லிய புத்தகம் ஒன்றை நீட்டினார்.
படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவன் கதையாம்.
"தமிழில் இல்லையே" என்றார்
தான் செய்த பிழைபோல.
எனக்கு மலையாளம் காது வழியே வந்தது,
ஏலத்தை ஏலம் விடும் குரல்களில்,
சாயாக்கடைச் சண்டைகளில்.
கண்ணுக்கு இன்னும் எழுத்துக்கூட்டத்தான் வேண்டும்.
கூட்டெழுத்து வரும் இடமெல்லாம் கொண்டையூசி வளைவு.
முதல் கியர். ஹாரன்.
மணிக்கு நான்கு பக்கம்.

அப்போதுதான் கணக்கு பிடிபட்டது.
எத்தனை கிராம் என்பதல்ல,
கிராமுக்கு எத்தனை மணி நேரம்?
தொண்ணூற்றாறு பக்கம், இருபத்துநான்கு மணி நேரம்,
தராசில் வெறும் நூற்றிருபது.
மீதி எடைக்குக் கடலைமிட்டாய்.
எழுதியவரிடம் சொல்லவே கூடாத காரணம்:
உங்களைத் தேர்ந்தெடுத்தேன்,
எனக்குச் சரியாகப் படிக்க வராததால்.

சாவடியில் பையைத் திறக்கச் சொன்ன காவலர்
பாட்டில் இல்லாத ஏமாற்றத்தில்
புத்தகத்தைப் புரட்டினார்.
"பரீட்சையா?"
ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

பஸ் இறங்கத் தொடங்கியது.
முதல் வரி மட்டும், உப்புப் பார்க்கிற அளவுக்கு,
என்றுதான் திறந்தேன்.
டிக்கெட் கிழிப்பவனின் தங்கை
கடைசிப் படகில் ஏறுகிறாள், திரும்பி வரச் சீட்டு வாங்காமல்.
அவன் அதைப் பார்க்கிறான்.
பார்த்தும் கிழித்துக் கொடுக்கிறான்.

ஒரு வளைவிலும் நான் நிற்கவில்லை.
ராட்சதக் குழாய்கள் போனது தெரியவில்லை.
லோயர் கேம்ப்பில் யாரோ இறங்கத் தலை நிமிர்ந்தால்
பதினேழு பக்கம் காலி,
ஜூலைக்கு இன்னும் ஐந்து வாரம்.

பயணச்சீட்டை அடையாளத்துக்குச் செருகி மூடினேன்.
மறுபடி திறந்தேன்.
கூடலூர் வந்ததும் தெரஸ்லினைக் கூப்பிட்டுக் கேட்டேன்:
இந்தக் கடலைமிட்டாயை
உன் பையில் வைத்துக்கொள்ள முடியுமா?