கத்தரி

போம் ரெத்திரோவில் இரவு எட்டு மணிக்கு
தையல் எந்திரங்கள் ஒவ்வொன்றாக வாய் மூடும்.
அதற்குப் பிறகுதான்
மழை பெய்துகொண்டிருந்தது தெரியவரும்.

நான் துணி வெட்டுகிறவன்.
ஒரே அடுக்கில் நாற்பது முன்பக்கம், நாற்பது முதுகு.
நாள் முழுக்க ஆளில்லாத சட்டைகளோடு நின்றுவிட்டு
ஓக்-சூன் கடைக்குப் போவேன்.
ஆறு மேஜை.
பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து எரியாது.
எது என்று கேட்காதீர்கள், அந்த மொழி எனக்குத் தெரியாது,
இருட்டாக இருக்கும் இடம் மட்டும் தெரியும்.

உட்கார்ந்ததும் சின்னச் சின்னத் தட்டுகள் வரும்.
முளைப்பயறு, முள்ளங்கி, பொடி நெத்திலி வறுவல்,
கண்ணாடித் தாளாய் நொறுங்கும் கடற்பாசி.
தீர்ந்தால் மறுபடி வரும். காசில்லை.
முதல் மாதம் இதை நான் நம்பவில்லை.
சாவோ பாவ்லோவில் கேட்காமல் வருவது
வெள்ளமும் போலீஸும்தான்.

கிம்ச்சி போடுகிறவன் ஜோசெனில்டோ.
பராய்பாவிலிருந்து மூன்று நாள் பஸ்ஸில் வந்தவன்.
கொரிய மொழியில் அவனுக்குத் தெரிந்தது
'இன்னும் உப்பு', 'போதும்',
அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை.
முழங்கை வரை சிவந்த கையோடு எட்டிப் பார்த்து
காரமா என்பான்.
மூக்கைத் துடைத்துக்கொண்டே
இல்லை என்பேன்.

ஒன்றுதான் எனக்கு ஆகாது.
அவள் கத்தரியால் இறைச்சி வெட்டுவது.
ஐஸ் மிதக்கும் நூடுல்ஸைக்கூட
கிண்ணத்துக்குள்ளேயே வைத்து, நறுக், நறுக்.
துணிக் கத்தரியால் காகிதம் வெட்டினாலே
கையை முறிக்க வருவார்கள் எங்கள் பட்டறையில்.
அவள் கத்தரி எடுத்தால் நான் சுவரைப் பார்ப்பேன்.
சுவரில் சோஜு கம்பெனிக் காலண்டர்,
இரண்டு வருடமாக அதே நவம்பர்.

போன வியாழன் கத்தரி மக்கர் செய்தது.
விலா இறைச்சியை அறுக்கவில்லை, மென்றது.
ஓக்-சூன் இரண்டு கையாலும் அழுத்தினாள்.
கொழுப்பு தணலில் சொட்டிப் புகை எழும்ப
பக்கத்து மேஜை வக்கீல் இருமினார்.
எனக்குப் புகை பொருட்டில்லை.
மழுங்கின இரும்பு முனகும் சத்தம்தான் தாங்கவில்லை.

கொடு என்றேன்.
கொடுக்கவில்லை.
இருபத்திரண்டு வருடம், என்று
பெருவிரல் அடியில் காய்த்துக் கிடப்பதைக் காட்டினேன்.
அவள் கையுறையைக் கழற்றித் தன்னுடையதைக் காட்டினாள்.
அதே விரல். அதே இடம்.
இரண்டு தெரு தள்ளி, இந்தக் கடைக்கு முன்னால்,
பதினோரு வருடம் காலர் வெட்டினாளாம்.
அப்படியிருந்துமா இறைச்சியை வெட்டுகிறாய் என்றேன்.
அதனால்தான், என்றாள்.

காகிதத் துடைப்பானில் சுற்றி எடுத்துப் போனேன்.
வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாணை பிடித்தேன்.
திருகாணியைக் கால் சுற்று இறுக்கினேன்.
எந்திர எண்ணெயை எடுத்த கை, நின்று,
பக்கத்துக் கடையில் ஒரு துளி சோயா எண்ணெய் கேட்டது.
சோதித்துப் பார்க்க ஈரமான பட்டுத் துண்டு.
முதலாளிக்குத் தெரியாமல் எடுத்தது,
அதை இங்கே சொல்லியிருக்கக் கூடாது.

திருப்பிக் கொடுக்கப் போனால் கையில் வாங்கவில்லை.
மேஜையில் வை என்றாள்.
பத்து சென்டாவோ நாணயம் ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.
வெட்டுகிற பொருளைச் சும்மா வாங்கினால்
உறவை வெட்டிவிடுமாம்.
என் அம்மாவும் கோச்சபம்பாவில் இதையே சொல்வாள்.
நாணயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நூடுல்ஸ் வந்தது. கத்தரியை அவள் எடுக்கவில்லை.
நீயே, என்று நின்றாள்.
பழக்கதோஷம், நூலோட்டம் எந்தப் பக்கம் என்று
குனிந்து தேடினேன்.
அதற்கு நூலோட்டம் கிடையாது.
ஒரு வெட்டு. குறுக்கே இன்னொன்று.
மூன்றாவதுக்கு விரல் போகையில்
உள்ளேயிருந்து ஜோசெனில்டோ கத்தினான்,
கொரிய மொழியில்,
போதும்.