பக்கக் கைப்பிடி

களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால்
மெஷின் வாடகைக்கு விடுகிற கடை எனக்கு.
இங்கிருந்து வருகிறவர்களுக்கு அக்கா,
அங்கிருந்து வருகிறவர்களுக்குச் சேச்சி.
ரோட்டரி ஹேமர் நாளைக்கு நானூறு.
பத்துப் பேரில் ஏழு பேர்
பக்கக் கைப்பிடியை மேசைமேல் விட்டுவிட்டுப் போகிறார்கள்.
பைக்குள் அடங்காதாம்.

செங்கல்லுக்குள் போகும்போது
பிட் பேசிக்கொண்டே போகும்.
கருங்கல்லில் முனகும்.
கம்பியில் முட்டினால் மட்டும்
பிட் நின்றுவிடும், மெஷின் நிற்காது.
எதையாவது சுற்றியாக வேண்டுமே அதற்கு,
மணிக்கட்டைச் சுற்றும்.

பாறசாலை ஷைஜுவுக்குச் சுற்றியது
சித்திரை மாசம், ஏணியின் எட்டாம் படியில்.
மாவுக்கட்டோடு வந்து மெஷினைத் தந்தான்,
துடைத்துத்தான் தந்தான்.
"ஒரு நாள் கூடிப்போச்சு சேச்சீ, வாடகை எடுத்துக்கோ."
இடது கையால் எண்ணிய நோட்டில்
நூறு ரூபாய் அதிகம் இருந்தது.
ரெண்டு பேரும் திரும்ப எண்ணினோம்.
மேசைமேல் கிடந்த கைப்பிடியை
அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கி
முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கி
மடியில் போட்டுக்கொள்வேன்.
சுவிட்சை நம்பி விரலை உள்ளே விட்ட காலம் ஒன்று உண்டு;
இடது கை மோதிர விரலில் நகம் கோணலாக முளைக்கிறது.

சக்கின் ரப்பர் தொப்பியைக் கழற்றினால்
யார் யார் வீட்டுச் சுவரோ மாவாகக் கொட்டும்.
வெள்ளை, பூச்சு. சிவப்பு, வெட்டுகல்.
பிரஷ்ஷால் தட்டித் துடைப்பேன்.
மாஸ்க் தந்தால் தாடைக்குக் கீழே மாட்டிக்கொள்கிறவர்களின்
நெஞ்சுக்குள்ளும் இதே மாவுதான்.
அதைக் கழற்ற என்னிடம் ஸ்பானர் இல்லை.

பிட்டின் வாலுக்குப் பயறளவு கிரீஸ்.
கார்பன் தேய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றணும்,
ஒன்றை மட்டும் மாற்றினால்
புதுசு பழசைக் குறை சொல்லித் தீப்பொறி பறக்கும்.
வயரில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால்
எனக்குக் கோபம் வரும்.
டேப் சுற்றியவனுக்கு வெட்டு எங்கே என்று தெரியும்,
அடுத்தவனுக்குத் தெரியாது.

போன வாரம் ஜெபக்கனி
மார்பிள் கட்டரோடு கொண்டுபோன எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்
எர்த் பின்னை வெட்டியிருந்தான்.
அந்த வீட்டில் ரெண்டு துளைதானாம்.
ஐந்நூறு அபராதம் எழுதினேன்.
"ஒரு பின்னுக்கா?"
"பின்னுக்கு இருபது.
தண்ணியில சவிட்டி நின்னு அறுத்தியே, மிச்சம் அதுக்கு."
சிரித்தான். பிறகு தன் காலைப் பார்த்தான்.

கர்க்கடக மழை கொட்டிய ஒரு மத்தியானம்
ஷைஜு வந்தான்.
கட்டு இல்லை. கை கொஞ்சம் மெலிந்திருந்தது.
சொந்தமாக மெஷின் வாங்கிவிட்டானாம், செகண்ட் ஹேண்ட்,
மழைக்கோட்டுக்குள் பிள்ளையைப்போல் வைத்திருந்தான்.
வாங்கியபோதே கைப்பிடி இல்லை.
"அது மட்டும் வாடகைக்குக் கிட்டுமா?"

விலைப்பலகையில் அப்படி ஒரு வரி கிடையாது.
ஓடாத மெஷின்களின் கைப்பிடிகள்
பெயின்ட் வாளி நிறையக் கிடந்தன.
முதலாவது வளையம் பெரிசு.
ரெண்டாவது இறுகியது, ஆனால் வழுக்கியது.
"அட்டை மடிச்சு வைக்கலாமே" என்றான்.
நான் நிமிர்ந்து பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.
ஐந்தாவது பொருந்தியது.
முறுக்கி, ரெண்டு கையாலும் பிடித்து,
கால்களை அகட்டி நின்று,
இல்லாத ஒரு சுவரை நோக்கி
மெஷினை நீட்டினான்.
வலது கை லேசாக நடுங்கியது.

நோட்டில் எழுதினேன்:
ஷைஜு, பாறசாலை, கைப்பிடி ஒன்று.
வாடகைக் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.
திரும்பும் தேதியிலும்.