இளமைப் பெயர்

ஜூன் பத்தாம் தேதி பள்ளியைப் பூட்டினார்கள்,
உயிரியல் கூடத்து ஏசியையும் சேர்த்து.
கோட்டயத்துக்கு விமானம் பிடிக்கும் அவசரத்தில்
லீலாம்மா டீச்சர் கண்ணாடித் தொட்டியை என்னிடம் தந்தார்,
கூடவே இரண்டு பக்கக் குறிப்பு.
உள்ளே பதினொரு மடகாஸ்கர் கரப்பான்கள்.
கட்டைவிரல் பருமன், புளியங்கொட்டை நிறம்,
இறக்கை கிடையாது.

பர்வானியாவில் எங்கள் அறைக்கு நான்கு கட்டில்,
ஒரு ஏசி, ஒரே சண்டை.
சதக்கத்துல்லாவுக்குப் பதினெட்டு வேண்டும்,
கரப்பானுக்கு இருபத்தெட்டு.
பதினெட்டில் சாகாது, பெருகாது, அவ்வளவுதான் என்றேன்.
எங்களைப் போல என்றான் யோகேஸ்வரன்.
யாரும் சிரிக்கவில்லை.
கடைசியில் பிரிட்ஜின் தலையில் இடம் கிடைத்தது,
மோட்டார் சூடு மேலேறும் மூலையில்.

முட்டை அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்து.
விளிம்பில் இரண்டு விரல் அகலம் வாசலின் தடவு:
கண்ணாடியில் ஏறுபவை அங்கே வழுக்கி, யோசிக்கும்.
தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வை,
கிண்ணத்தில் வைத்தால் சின்னவை மூழ்கும்.
கேரட் தோல், பூனைத் தீனி, அழுகாத வாழைப்பழம்.
தோலுரித்து வெள்ளையாக நிற்பதைத் தொடாதே,
அது நோயல்ல, மாலைக்குள் கறுத்துவிடும்.
இதை மட்டும் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

முதல் வாரம் தூக்கும்போதெல்லாம் சீறின.
வாயால் அல்ல, விலாத் துளைகளால்;
குக்கர் விசிலடிக்கும் முன்பு இழுக்குமே, அந்த மூச்சு.
மூன்றாம் வாரம் சீறவில்லை.
என் கை பழகிவிட்டது.
எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

ஜூலைக் கடைசியில் கட்டடத்து ஹாரிஸ்
கதவில் தாள் ஒட்டினார்: வியாழன் காலை பூச்சி மருந்து.
நான்கு மணி நேரம் யாரும் உள்ளே இருக்கக் கூடாது.
சமையலறையில் கரப்பான் தொல்லை என்று
புகார் கொடுத்தவனே நான்தான்.

வெளியே நாற்பத்தொன்பது டிகிரி.
தொட்டியைத் துண்டால் போர்த்தி
ஃபஹாஹீல் பஸ்ஸில் ஏறினேன், முன்னூறு பில்ஸ்.
கடைசி நிறுத்தம் வரை போவது,
இறங்காமல் இன்னொரு சீட்டு வாங்கித் திரும்புவது.
இரண்டாம் சுற்றில் ஓட்டுநர் கண்ணாடியில் முறைத்தார்.

மங்காஃப் தாண்டும்போது துண்டை விலக்கினேன்.
பெரியவள் அட்டை மடிப்பில் ஒண்டிக்கொண்டு
வெளிறிய சுருள் ஒன்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்.
சுருள் நெளிந்தது, பிரிந்தது,
வெள்ளரி விதைகளுக்குக் கால் முளைத்த மாதிரி.
இருபத்துமூன்று வரை எண்ணினேன்,
பஸ் குலுங்கியது,
மறுபடி ஒன்றிலிருந்து.

பக்கத்து இருக்கை எகிப்துக்காரர்
என்ன இது என்று கையால் கேட்டார்.
அரபியில் எனக்குச் சொல் இல்லை. தமிழில்?
புலிக்குப் பறழ், சிங்கத்துக்குக் குருளை, யானைக்குக் கன்று;
ஐந்தாம் வகுப்பில் பிரம்புக்குப் பயந்து ஒப்பித்தது.
கீரிக்கும் அணிலுக்கும்கூடப் பிள்ளை கொடுத்த மொழி
இவளுக்கு ஒன்றும் எடுத்து வைக்கவில்லை.
ஈன்றாளா, பொரித்தாளா, குட்டி போட்டாளா?
வினைச்சொல்லுக்கும் திண்டாட்டம்.

பேபி என்றேன்.
எட்டிப் பார்த்தார், எழுந்து முன்னால் போய்விட்டார்.
இரண்டு நிறுத்தம் கழித்துத் திரும்பி வந்து
இன்னொரு தரம் பார்த்தார்.

மாலையில் அறை முழுக்க மருந்து நாற்றம்.
சமையலறையில் மல்லாந்து கிடந்த சின்னப் பழுப்புகளைக்
கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன்.
கை கழுவினேன், மூன்று முறை.
பிரிட்ஜின் தலை இன்னும் காயவில்லை,
தொட்டியை என் கட்டிலிலேயே வைத்தேன்.
யோகேஸ்வரன் ஏசியை இருபத்தேழுக்கு ஏற்றினான்.
இன்றைக்கு மட்டும் என்றான் சதக்கத்துல்லா,
போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு.

பிறகு எழுந்து வந்து குனிந்தான்.
வெள்ளையெல்லாம் கறுத்திருந்தன.
எதெல்லாம் ஆண் என்று கேட்டான்.
கொம்பு வந்தால்தான் தெரியும், ஐந்து மாதமாகும் என்றேன்.
ஆகஸ்ட், செப்டம்பர் என்று
விரல் மடக்கத் தொடங்கினான்.