விடும் வேகம்

பகாவ், ஏழாம் கட்டை மேடு.
பின்னால் பன்னிரண்டு டன் செம்பனைக் குலை,
மடியில் சூடேறும் கணினி.
ஐம்பதில் கன்வெர்ட்டர் பூட்டுகிறது,
நாற்பத்தொன்பதில் விட்டுவிடுகிறது,
மறுபடி பூட்டு, மறுபடி உதறல்.
“காய்ச்சல்ல பல்லு தந்தியடிக்குமே, அப்படி”
என்கிறாள் பவளராணி, ஸ்டியரிங்கை விடாமல்.

பூட்டும் வேகத்தை அறுபதாக்கினேன்.
உதறல் நின்றது; பூட்டே விழவில்லை.
கியர் எண்ணெய் நூற்றுப் பதினெட்டுக்கு ஏறிக்
கருகல் வாடை.
அவள் என்னைப் பார்த்த பார்வை வேறு.

மறுநாள் அதே மேடு, அதே பாரம்.
பிடிப்பது பழையபடி ஐம்பதில்தான்.
விடுவதை மட்டும்
நாற்பத்திரண்டுக்குத் தள்ளி வைத்தேன்.
உச்சி வரை ஊசி துள்ளவில்லை.

ஆலை வாசலில் பதினோராவது லோரி நாங்கள்.
“இறக்கிட்டு, வெறும் வண்டியில ஒரு தடவ பாத்துருவோம்”
என்றாள்,
கச்சாங் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி.