ஒரு பக்கத்துக்கு மிகாமல்

'கற்பித்தல் குறித்த உங்கள் தத்துவம்.
ஒரு பக்கத்துக்கு மிகாமல்.
வெள்ளிக்கிழமைக்குள்.'
டீன் கெஸ்லரின் குறிப்பில்
முற்றுப்புள்ளிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன.

டுலூத்தில் பிப்ரவரி.
மூன்றாம் மாடி அறையில் ஹீட்டர்
யாரோ தூக்கத்தில் பல் கடிப்பதுபோல் சத்தமிடுகிறது.
பதினோரு ஆண்டுகளாக இங்கே ஆங்கிலம் சொல்லித்தருகிறேன்.
தத்துவம் என்று எதுவும் இதுவரை கையில் சிக்கவில்லை.
சாக்பீஸ் தூள் சிக்கியிருக்கிறது.

எழுதிப் பார்க்கிறேன்:
'மாணவர் நெஞ்சில் வாழ்நாள் முழுதும்
அணையாத கல்விச் சுடரை ஏற்றுவதே…'
அடித்துவிடுகிறேன்.
மாணவி ஒருத்தி இதை எழுதியிருந்தால்
ஓரத்தில் கேட்டிருப்பேன்:
எந்தச் சுடர்? யார் வீட்டுத் தீப்பெட்டி?

வாழ்நாள் முழுதும் என்று சொல்ல எனக்கென்ன உரிமை?
அவர்களை எனக்குப் பதினாறு வாரம்தான் தெரியும்.
சிலரை அதுவும் இல்லை.
நான்காம் வாரம் டயர் கடை வேலைக்குப் போன பையன்
கடைசி வரிசையில் விட்டுச்சென்ற கையுறை
இன்னும் என் இழுப்பறையில் கிடக்கிறது.

மாலை வகுப்புக்கு ஹோதான்
முதியோர் இல்லத்துச் சீருடையிலேயே வருவாள்.
வகுப்பு முடிந்ததும் அவளுக்கு இரவுப் பணி.
அரைப்புள்ளி என்பது
கதவைப் பூட்டாமல் சாத்திவைப்பது என்று
அவளாகத்தான் ஒருநாள் கண்டுபிடித்தாள்.
அதைத் திருடி மறுநாள் பகல் வகுப்பில்
என் சொந்தச் சரக்காக விற்றேன்.

அப்புறம் கர்ட் நிஸ்கலா.
என்னைவிட ஐந்து வயது இளையவர்,
தாதுத் துறைமுகத்தில் பதினான்கு குளிர்காலம்.
முழங்கால் நொறுங்கியபின்
இழப்பீட்டுப் படிவத்தைத் தானே நிரப்ப வேண்டுமென்று வந்தார்.
படிவம் முடிந்தது. அவர் போகவில்லை.

அவர் கட்டுரையின் முதல் வரி:
'ஏரி பனிக்கட்டி செய்கிறது.'
சிவப்பில் திருத்தினேன்:
'ஏரியில் பனிக்கட்டி உருவாகிறது.'

தாள் அடுத்த வாரம் என் மேசைக்கே திரும்பி வந்தது.
என் சிவப்பின் மேல் பென்சில்:
'இல்லை மாரிட், செய்கிறது.
செய்யும்போது சத்தம் வரும்.
நீங்கள் கேட்டதில்லையா?'

கேட்டதில்லை.
இந்த ஊரிலேயே பிறந்தவள்.
ஏரியைப் பாடிய கவிதைகளைக்
கரும்பலகையில் அசை பிரித்துக் காட்டியவள்.

அன்றிரவு பத்து மணிக்கு
கப்பல் கால்வாய் ஓரம் காரை நிறுத்தி
எஞ்சினை அணைத்தேன்.
பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
இமைமயிர் ஒட்டிக்கொள்ளும் குளிர்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு எங்கோ தொலைவில்
மாடிப்படியில் யாரோ பீரோ இழுத்தார்கள்.
பிறகு ஒரு நீண்ட முனகல்
இருட்டுக்குள்ளிருந்து கரை நோக்கி ஓடிவந்து
என் காலடியில்
டக்கென்று நின்றது.

வேலை நடந்துகொண்டிருந்தது அங்கே.
எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது.
நான்தான் அவ்வளவு பெரிய ஏரியை
ஓர் ஏழாம் வேற்றுமைக்குள் அடக்கி
சும்மா உட்காரவைத்திருந்தேன்.

சிவப்பு மை அழியாது.
அதற்குக் கீழே எழுதினேன்:
'கேட்டேன். செய்கிறதுதான்.
இன்னும் இரண்டு பக்கம் எழுதுங்கள்.'
ஏழு பக்கம் எழுதிவந்தார்,
ஒரு காற்புள்ளிகூட இல்லாமல்.
அதற்காக அவரை நான் சும்மா விடவில்லை,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

வியாழன் இரவு. கெஸ்லரின் தாள் இன்னும் காலி.
ஹீட்டர் நின்றுவிட்டது.
ஜன்னலைக் கொஞ்சம் திறந்தேன்.
இத்தனை தூரத்துக்குக் கேட்காது என்றுதான் நினைக்கிறேன்,
ஆனாலும் பேனாவை வைத்துவிட்டுக்
காதைக் கொடுத்தேன்.

பிறகு முதல் வரியை எழுதினேன்:
'பதினோரு ஆண்டுகள் நான் தவறாகத் திருத்திய
ஒரு வினைச்சொல்லைப் பற்றி…'
இரண்டு பக்கமும் விளிம்பை
அகலமாக விட்டிருக்கிறேன்.
பென்சில் யாரிடமாவது இருக்கும்.