ஷார்ட் லெஃப்ட்

விண்ணப்பம் நள்ளிரவில் மூடும்.
மின்சாரம் பத்து மணிக்கே போயாயிற்று.
டர்பனில் இந்த வாரம் லோட்ஷெட்டிங்
எங்கள் பக்கத்துக்கு ராத்திரி முறை.
மடிக்கணினியில் நாற்பத்தொரு சதவீதம் உயிர்.
இணையம் செல்போனிடம் கடன்.

முதல் கட்டம் எளிது.
குடும்பப் பெயர்: கவெண்டர்.
கவுண்டர் என்று சொன்ன ஒருவரைத்
துறைமுக எழுத்தர் சரியாகக் கேட்கவில்லை.
அன்றிலிருந்து நாங்கள் அந்தக் காதின் பிள்ளைகள்.

பிஎச்.டி. முடித்து எத்தனை ஆண்டு?
ஐந்துக்குள் இருக்க வேண்டும். நாலே முக்கால்.
பிள்ளைப்பேற்றுக்குக் கழிவு உண்டாம்.
காசநோய் வார்டில் ஆளில்லாமல்
நான் நின்ற இரண்டு குளிர்காலத்துக்கு இல்லை.

ஆய்வின் முக்கியத்துவம்.
எண்ணூறு எழுத்துக்குள், இடைவெளியும் சேர்த்து.

நிதி கேட்பது எப்படி என்று
உம்லாங்கா ஓட்டலில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள்.
வெளியே கடல், உள்ளே கோழி சாண்ட்விச்.
'முதல் வரியில் ஓர் ஆளைக் காட்டுங்கள்,
மூன்றாம் வரியில் எண்ணைக் காட்டுங்கள்'
என்றார் கேப் டவுன்காரர்.
குறித்துக்கொண்டேன்.
பேனாவும் அவர்கள் கொடுத்ததுதான்.

சரி, ஆள்.
பெகுமுசி ஸோண்டி, முப்பத்தெட்டு.
வாரிக்கிலிருந்து க்வாமாஷுவுக்கு மினிபஸ் ஓட்டியவர்.
மாத்திரைக்கு மசியாத காசநோய்.
ஆறு மாதம் ஊசி.
சளியில் கிருமி இல்லை என்று தாள் வந்த அன்று
சிரித்தபடி சொன்னேன்.
'என்ன?' என்றார்.
மறுபடி சொன்னேன்.
என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்சீட்டிலிருந்து யாராவது கத்துவார்கள்,
'ஷார்ட் லெஃப்ட்!'
திரும்பியதும் நிறுத்து என்று அர்த்தம்.
அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.
நுரையீரலை நாங்கள் திருப்பிக் கொடுத்தோம்.
சாவியை முதலாளி வாங்கிக்கொண்டார்.

எழுத்து எத்தனை? ஆயிரத்து நானூறு.
முதலில் சாவியை வெட்டினேன்.
அப்புறம் உதட்டை.
ஷார்ட் லெஃப்ட் ஜெனீவாவில் இருப்பவருக்குப் புரியாது, வெட்டு.
மிஞ்சியது:
'ஊசி பெற்ற நோயாளிகளிடம் செவித்திறன் இழப்பு.'

நான் கேட்பது பெரிய கருவி இல்லை.
ஒரு போன், தடித்த ஹெட்போன்,
வாரம் ஒருமுறை
சிஸ்டர் நோமாலங்காவின் பத்து நிமிடம்.
கீச்சுக்குரல்தான் முதலில் போகும்.
அதை அப்போதே பிடித்தால்
பேச்சு போவதற்குள் மருந்தை மாற்றலாம்.

பட்ஜெட்.
பங்கேற்பாளருக்குப் பயணப்படி எண்பது ராண்ட்.
உணவுக்கு அனுமதி இல்லை.
வெறும் வயிற்றில் ஒருவர்
பீப் சத்தம் கேட்டுக் கை தூக்குவாரா?
ரொட்டியையும் ரூய்போஸ் தேநீரையும்
பஞ்சுக்கும் கையுறைக்கும் நடுவில்
'நுகர்பொருள்' என்று ஒளித்து வைத்தேன்.

ஒப்புதல் படிவம்
ஜுலுவுக்குப் போய் ஆங்கிலத்துக்குத் திரும்பி வரவேண்டும்.
டிரையல் என்று அனுப்பியது
கோர்ட்டு வழக்காகத் திரும்பி வந்தது.
'யார் மேல்?' என்று கேட்டாள் நோமாலங்கா.
சனிக்கிழமை வகுப்பில் நான் படித்த தமிழில்
அதற்குச் சோதனை என்று பெயர்.
தெய்வம் கொடுப்பதற்கும் அதே சொல்தான்.
தமிழுக்குக் கட்டம் இல்லை.

'ஆய்வகத்திலிருந்து படுக்கை வரை உங்கள் பாதையை விளக்குக.'
எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தப் பாதைக்குத் தகரக் கூரை,
மழையில் ஒழுகும்.
எழுதவில்லை.

பதினொன்று ஐம்பத்திரண்டு. ஆறு சதவீதம்.
அனுப்பு.
வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது.
'பெற்றுக்கொண்டோம். முடிவு பதினோரு மாதத்தில்.'
அதற்குள் ஊசி முடிப்பவர்கள்
என் கணக்கில் இருபத்திரண்டு பேர்,
பதிவேட்டில் பெயர் ஏறாதவர்களை விட்டு.

திரை அணைந்தது.
இருட்டிலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்,
சொந்தக் காசில் வாங்கியது.
போனில் எட்டாயிரம் ஹெர்ட்ஸ்.
எங்கோ ஒரு கொசு மாதிரி.
இருந்தது.
கொஞ்சம் குறைத்து, இன்னொரு முறை.
இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.